சரக்குக் கப்பலிலிருந்து நீண்ட கை

நம்பினால் நம்புங்கள். நான் ரஷ்ய விண்வெளி வீரன், பேய் என்றாலே சிரிக்கிறவன். ஆனாலும் இது எனக்கு நடந்தது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

விண்வெளி நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். தலைவன் அர்செனி, என் தங்கை லீதாவின் கணவன். கிளம்பும் அன்று அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவரைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துடு."

ஒன்பதாம் மாதம் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நின்றது. விட்ட மூச்சையே திரும்ப இழுத்தோம். தலை வெடித்தது. இறங்கிவிடலாம் என்றால், எங்கள் கலமும் பழுது. மாற்றுப் பாகங்களோடு ஆளில்லாத சரக்குக் கப்பலை அனுப்பினார்கள். மாஸ்கோ நேரம் பகல் 2.40க்கு அது வந்து பொருந்தியது.

கப்பலின் கதவருகே போனோம்.

டொக்... டொக்... டொக்...

உள்ளேயிருந்து!

"மாப்ள, வேணாம்."

"திறக்காம? மூச்சு முட்டிச் சாகறதா மச்சான்?"

திறந்தான். ஒரே இருட்டு. அதிலிருந்து ஒரு கை நீண்டது. கையுறைகூட இல்லாத வெறுங்கை...

ரஷ்யர்கள் வாசலுக்குக் குறுக்கே கை கொடுக்க மாட்டார்கள், கெட்ட சகுனம். வந்தவர் உள்ளே வந்த பிறகுதான் கை குலுக்கல். விண்வெளியிலும் அதே வழக்கம்தான்.

"தொடாதே!"

"யாரோ மாட்டிக்கிட்டான்டா!"

அர்செனி அந்தக் கையைப் பிடித்துவிட்டான்.

விளக்கு அணைந்தது.

எரிந்தபோது அந்தக் கை இல்லை. அர்செனி மட்டும் மாற்றுப் பாகத்தோடு மிதந்தான்.

சிரித்தான்...

இயந்திரம், கலம் எல்லாவற்றையும் சரிசெய்தான். அதன்பின் அவனுக்குத் தலைவலி இல்லை. பசி இல்லை. தூங்கியும் நான் பார்க்கவில்லை. உயிர் பிழைத்தால் போதுமென்று வாயை மூடிக்கொண்டேன். நிலையத்தைப் பூட்டிவிட்டு கஜகஸ்தான் புல்வெளியில் இறங்கினோம்.

பக்கத்து நகரமான கரகண்டாவின் விமான நிலையத்தில் மருத்துவர் நீனா என்னைத் தனியே இழுத்தார். முகம் வெளுத்திருந்தது.

"நெஞ்சில கட்டுற நாடிப் பட்டைங்க எங்க?"

"ரெண்டையும் மேலயே கழட்டிப் போட்டுட்டோம்."

"உங்களோடது நின்னுடுச்சு. அர்செனியோடதுல மட்டும் மேலேர்ந்து இன்னும் நாடி வருது."

"பட்டை கெட்டுப்போயிருக்கும்..."

"நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். மூச்சும் வருது. ஓடி ஓடிக் களைச்சவன் மூச்சு மாதிரி."

அடுத்த கப்பல் மேலே போக இன்னும் நான்கு மாதம்.

திரும்பிப் பார்த்தேன். வரவேற்க வந்திருந்த லீதா அவனை இறுகக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் தோளுக்கு மேலே என்னைப் பார்த்து, "ரொம்ப நன்றிண்ணா" என்று அழுதாள்.