நான்கு நாள் பிரிக்காத கட்டு

நடந்தவை, வரிசைப்படி:

1. நர்சரிக் கன்று வாங்கும் செலவை மிச்சப்படுத்த, பக்கத்து வீட்டார் கழித்துப்போட்ட காகிதப்பூக் கிளைகளைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, தயிர் டப்பாக்களில் பன்னிரண்டு குச்சிகள் ஊன்றினேன்.
2. ஏழாவது குச்சியின் முள் வலது ஆள்காட்டி விரலில் ஏறி ஒடிந்தது.
3. முழுவதும் எடுத்துவிட்டதாக நினைத்து, காயத்துக்குக் கட்டும் காஸ் துணி சுற்றினேன்.
4. நான்கு நாள் பிரிக்கவில்லை.

இராஜபாளையத்தில் காஸ் துணி நெய்யும் ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. கறை தெரிந்தால் கழிப்பேன். வெள்ளையாக இருந்தால் அனுப்புவேன். என் கட்டு கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

"செத்த பிரிச்சுத்தான் பாரேன்ட்டி" என்றாள் அம்மா.

"கிருமி நீக்குன துணிம்மா. பிரிச்சாத்தான் கிருமி உள்ள போகும்."

ஐந்தாம் நாள் காய்ச்சலில் பல் கிட்டியது. மம்சாபுரம் வீட்டிலிருந்து ஆட்டோவில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் கட்டை வெட்டினார். விரல் கத்தரிக்காய் நிறத்தில் வெடித்திருந்தது. நாற்றத்தில் அம்மா வெளியே ஓடினாள். முழங்கைவரை சிவப்புக் கோடு.

"யாரும்மா கட்டுனது?"

"நான்தான் சார்."

"நல்லாத்தான் கட்டியிருக்கே. உள்ள இருக்கிறதைக் கொன்னுட்டே."

டெப்ரிட்மெண்ட் (செத்த சதையை வெட்டி நீக்குதல்) செய்தார்கள். சீழ் கட்டிய இடத்தில் மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது. கத்தி எலும்பைச் சுரண்டியதைப் பல்லில் உணர்ந்தேன். உதைத்தேன். என்னைப் பிடித்திருந்த நர்ஸ் அக்காவின் கையை ரத்தம் வரக் கடித்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "ஏட்டி, நாய் கடிச்சா ஊசி இருக்கு. நீ கடிச்சதுக்கு நான் எந்த ஊசிய போட?" என்று சிரித்தார்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மீண்டும் வெட்டினார்கள். ஆஸ்டியோமைலைட்டிஸ் (எலும்புக்குள் கிருமித்தொற்று) என்றார் டாக்டர். நுனிக் கணுவை எடுக்காவிட்டால் கையே போகும். டிப்ளமோ படித்தவள், சம்மதப் படிவத்தில் இடது பெருவிரலால் கைநாட்டு வைத்தேன்.

நான்கு வாரம் கழித்து வீடு திரும்பியபோது, மாடியில் டப்பாக்கள் நசுங்கிக் கிடந்தன.

"அம்புட்டையும் பிடுங்கி மிதிச்சிட்டேன்" என்றாள் அம்மா.

"துளிர்த்திருந்துச்சாம்மா?"

"துளிர்த்திருந்துச்சு. அதான் இன்னும் ரெண்டு மிதி."

முள் குத்திய விரலோடு இதைப் படிப்பவர்களுக்கு: கட்டைத் தினமும் பிரித்துப் பாருங்கள். விரல் மடங்க மறுத்தாலோ விண்விண்ணென்று தெறித்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல மெத்தப் படித்துவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

இப்போது தேதி நினைவிருப்பதில்லை. காலைக் கட்டு, மாலைக் கட்டு, அவ்வளவுதான் நாள். இல்லாத நுனி அரிக்கிறது. சொறியப் போன இடது கை வெறும் காற்றைச் சொறிகிறது.

நிலவரம்: கை பிழைத்தது. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு மீதம். அவற்றில் ஒன்று மடங்குகிறது. காயம் இன்னும் முழுதாக மூடவில்லை.