எந்தப் பக்கம் திருப்பினாலும்

தொண்ணூறுகளில், மலைநாட்டில் லுணுகலைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரு டீவிதான். அது எங்கள் வீட்டில் இருந்தது. கறுப்பு வெள்ளை, லொறி பட்டரியில் ஓடும். தமிழ்ப் படம் போடுகிற நாளில் லயமே எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு நாள், படம் தொடங்கப் போகிற நேரம் பார்த்து, தங்கச்சி மழைத் தூறலோடு தகரக் கூரையில் ஏறி ஆன்டனாக் கம்பத்தைத் திருப்பிவிட்டாள். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி, இரைச்சல்.

“அடியே, படம் போடப் போறான்டி! எறங்குறியா, கல்லெடுத்து அடிக்கவா?” என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினாள்.

“கொஞ்சம் இருங்க அத்தை. வானம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாக்குறேன்.”

“அத வாசல்ல நின்னு பாருடி. டீவியில என்னா வானம்?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் புள்ளிகளில் கொஞ்சம், பிரபஞ்சம் உண்டான காலத்து வெளிச்சத்தால் வருவது. அது எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வருகிறது என்று ஏதோ பழைய பத்திரிகையில் தங்கச்சி படித்திருந்தாள். கம்பத்தை நான்கு பக்கமும் திருப்பினாள். திரையைப் பார்த்துச் சொல்வது என் வேலை.

“அண்ணே, கூடுதா, கொறையுதா?”

“ஒரே மாதிரிதான் இருக்கு.”

இறங்கி வந்து சொன்னாள்: “இது சரியான சோதனை இல்லண்ணே. முக்கால்வாசி டீவியே உண்டாக்குற புள்ளி. நல்ல கருவி வேணும். படிச்சிட்டு அதுக்குத்தான் போவேன்.”

எங்கே படிப்பது? சாதாரண தரப் பரீட்சை நன்றாகப் பாஸ் பண்ணினாள். அதற்கு மேலே உயர்தர வகுப்பு விஞ்ஞானம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கிடையாது. பதுளை டவுனில் தங்க வைத்துப் படிப்பிக்க எங்களுக்கு வழியில்லை. கொழும்பு வீடுகளுக்கு வேலைக்குப் பிள்ளை பிடிக்கிற தரகன் வந்தான். “ரெண்டே வருசங்க. அப்புறம் படிக்கட்டும்” என்றான். அம்மா அழுதுகொண்டே அனுப்பினாள்.

சவப்பெட்டியில் வந்தாள். வேலை செய்த வீட்டு மாடிப்படியில் கால் வழுக்கி விழுந்தாளாம். மழையில் தகரக் கூரை மேல் நின்றவள், படியில் வழுக்கினாளாம்! பெட்டியைத் திறக்க விடவில்லை. ஒருத்தனும் விசாரிக்கவில்லை. தரகன் அதற்குப் பிறகும் எங்கள் தோட்டத்துக்கு வந்து போனான்.

கருமாதி முடிந்து வெகுநாள் டீவி போடவில்லை. கடைசியில் அத்தையே வந்து, “போடுப்பா, புள்ளைங்க பாக்கட்டும்” என்றாள். போட்டேன். காற்றில் கம்பம் திரும்பிப் போயிருந்தது. திரை முழுக்கப் புள்ளி.

கூரையில் ஏறினேன். படம் தெரிகிற பக்கம் எது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் வைக்கவில்லை. மெல்ல மெல்ல மற்ற எல்லாப் பக்கமும் திருப்பினேன். கீழே யாரும் கத்தவில்லை.

“அத்தை, கூடுதா, கொறையுதா?”

அத்தை வாசலுக்கு வந்து நின்றாள்.

“ஒரே மாதிரிதான்பா இருக்கு” என்றாள் அத்தை. “எறங்கி வா, சாமி.”