நேராகப் போவதற்கு நாலு விளக்கு

என் வேனில் இருந்த விளக்குகளோடு போட்டி போட்டால், மாரியம்மன் நோம்பிக்குக் கட்டுகிற சீரியல் செட்டே தோற்றுப்போகும். ஹெட்லைட்டுக்குக் கீழே நானாக வாங்கி மாட்டிய இரண்டு மஞ்சள் லைட்டு, நம்பர் பிளேட்டைச் சுற்றி நீலத்தில் ஒரு பட்டை, பிரேக் பிடித்தால் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற சிவப்பு வரிசை. ரிவர்ஸ் எடுத்தால் பாட்டு வேறு. இத்தனை இருந்தும், எந்த விளக்கு யாருக்கு என்ன சொல்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியாது. பேச ஒன்றுமில்லாதவனுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்த மாதிரி.

சிங்காநல்லூரில் சின்னதாக ஒரு குடோன் வைத்திருக்கிறேன். கிரைண்டர் கல், பெல்ட், மோட்டார் என்று ஈரோடு, பவானி வரை கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவதுதான் தொழில். வாரத்தில் நாலு நாள் வேனில்தான் குடித்தனம்.

அந்த வேனின் வயரிங் முழுக்க உக்கடத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிற பாயின் கைவேலை. என் வயதுதான். நான் வாங்கி வருகிற ஒவ்வொரு பட்டை விளக்கையும் திட்டிக்கொண்டே மாட்டிக் கொடுப்பார். ஒரு நாள் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லி, வலது இண்டிகேட்டரைப் போடச் சொன்னார். உள்ளே டிக்டிக் சத்தம் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

"கேக்குதுங்களாண்ணா? முன்னாடி வலது பல்பு போச்சு. அதான் டிக்டிக் இப்படிப் பறக்குது."

"அதுக்கும் என்னை மாதிரி அவசரம்னு நெனச்சேனுங்க பாய்."

"நீலப் பட்டைக்குக் காட்டுற அக்கறையில பாதிய இதுக்குக் காட்டக்கூடாதுங்களா?"

"வலது பக்கம் நான் திரும்பறதே கம்மிங்க."

"அப்ப வலது கண்ணையும் மூடிக்கிட்டே ஓட்டுங்க."

கையில் வேறு வேலை இருந்ததால் பல்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ரெண்டே ஸ்க்ரூ, நீங்களே மாத்திக்கலாம் என்றார். தினமும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பாருங்கள், பின்பக்கத்தை ஷட்டருக்குக் காட்டி பிரேக்கை மிதியுங்கள், ஒரு நிமிட வேலை என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இணை கிடையாது. பல்பு டேஷ்போர்டு பெட்டிக்குள் போனது. நாலு மாதம் அங்கேயே இருந்தது.

இனி மாப்பிள்ளை. என் மனைவியின் தம்பி. பவானிக்குச் சற்று முன்னால், நாலு ரோட்டிலிருந்து இடது கைப் பக்கம் பிரிகிற தெருவில் வீடு. ஈரோட்டிலிருந்து மேட்டூர் போகிற தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருடமாக டிரைவர். சிரிப்பதற்கே லைசென்ஸ் வேண்டும் என்று நினைக்கிற மனிதர். நான் அதற்கு நேரெதிர். ஒரு தடவை, ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து பேசுவதாகப் பாயைப் போனில் பேசவைத்து, "உங்க பஸ் ஹாரன் ரொம்ப மரியாதையா அடிக்குதுன்னு புகார் வந்திருக்குதுங்க" என்று சொல்லச் செய்தேன். பத்து நிமிடம் பதறிப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பேசியது பாய் என்று தெரிந்த பிறகு நான் எது சொன்னாலும், "மாமா சொன்னா பாதியக் கழிச்சுட்டுத்தான் கேக்கோணும்" என்பார்.

அவர் என் வேனில் ஏறினால் எனக்குப் பரீட்சை மாதிரி. நாலு ரோடு வந்தால், நேராகப் போகிறேன் என்று சொல்வதற்கு நான் நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுவிடுவேன். எங்கள் ஊர்ப்பக்கம் பாதிப் பேர் அப்படித்தான். டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடம்கூட "வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து போவோம். ரோட்டைத் தாண்டும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போவதா?

"நேரா போறதுக்கு லைட்டு எதுக்குங்க மாமா?" என்றார் ஒரு தடவை.

"நாலு பக்கம் நிக்கறவங்களுக்கும் சொல்லிட்டுப் போறது மரியாதை இல்லீங்களா மாப்ள?"

"பக்கத்து ரோட்டுல நிக்கறவனுக்கு உங்க வண்டில ஒரு பக்கந்தான் தெரியும். அவன் நீங்க திரும்பறீங்கன்னு நெனப்பான். அந்த நாலு லைட்டு வண்டி ரிப்பேராகி நின்னாப் போடறதுங்க."

"என் வண்டி எப்பவும் அரை ரிப்பேர்தானுங்களே."

அவர் சிரிக்கவில்லை. நான் என் ஜோக்குக்கு நானே சிரித்துக்கொண்டேன். அது பழகிப்போன வேலை.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவி முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள். நான் பதினோரு மணிவாக்கில் நாலு ரோட்டை நெருங்கினேன். நல்ல வெயில். மழையில்லை, பனியில்லை, பழிபோட ஒன்றும் இல்லாத நாள். பவானிக் கடை ஒன்றில் ஒரு கல்லை இறக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து சாப்பிடலாம் என்று அங்கே வைத்துத்தான் முடிவு செய்தேன். அதனால் வீட்டுத் தெருவுக்குள் திரும்பாமல் நேராகப் போக வேண்டும். மரியாதைக்காரன் அல்லவா, நாலு விளக்கையும் போட்டேன்.

முன்னால் வலது பல்பு செத்துப்போயிருந்தது. ஆக, எனக்கு எதிரே இருந்தவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: இடது பக்கம் மின்னுகிற மஞ்சள்.

மாப்பிள்ளை எதிர்க்கடையில் தயிர் வாங்க மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து, என் வேனின் முன்பக்கம் முழுக்கத் தெரிகிற மாதிரி நின்றிருந்தார். நான் வரப்போவது அவருக்குத் தெரியும். வண்டியைத் தெரியும். இடது இண்டிகேட்டர் தெரிந்தது. மாமா வீட்டுக்குத் திரும்புகிறார் என்று ரோட்டைத் தாண்டினார். நான் நேராகப் போனேன்.

வேகம் அதிகமில்லை. ஆனாலும் அவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே இரண்டாக ஒடிந்தது. ரோட்டில் கிடந்தவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, "லெப்ட்டுதானுங்களே மாமா போட்டிருந்தீங்க?"

நான் அவர் மேல் கிடந்த மொபெட்டைத் தூக்கி நிமிர்த்தினேன்.

ஆம்புலன்சில் அவரோடு அவர் மனைவியும் என் மனைவியும் ஏறிப் போனார்கள். போலீஸ் வரும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று ஸ்டேஷனிலிருந்து போனில் சொன்னதால் நான் அங்கேயே நின்றேன். அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில், கை தானாகச் செய்துவிட்டது என்று எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் கைக்கு டேஷ்போர்டு பெட்டி இருக்கிற இடம் தெரியாது. எனக்குத்தான் தெரியும். பக்கத்து டயர் கடைக்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டேன்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் அவர்.

"கண்ணாடி ஆடுதுங்க. கழண்டு உளுந்துரும்."

ரெண்டே ஸ்க்ரூ. பாய் சொன்னது சரிதான், சின்ன வேலை. நாலு மாதம் முடியாதது மூன்று நிமிடத்தில் முடிந்தது. பழைய பல்பைச் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து ஸ்டேஷன் வாசலில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஹெட்லைட்டு, டிம், பிரேக், இண்டிகேட்டர். எல்லாம் எரிந்தது. நீலப் பட்டையை மட்டும் கழற்றச் சொன்னார். விளக்குகளில் பழுதில்லை என்று எழுதினார். நாலையும் போட்டிருந்தேன் என்று நான் முந்தின நாளே போலீசில் சொல்லியிருந்தேன். அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து அன்றைக்கு ஒரு நாள்தான் அத்தனை விளக்கும் ஒன்றாக எரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளையிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். அவர் என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "தப்பு எம்மேலதானுங்க. பாக்காம ஏறிட்டேன்" என்றார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்: "நாலும் எரிஞ்சுதுன்னு எழுதியிருக்கறாங்களாமா?"

"ஆமாங்க மாப்ள."

"எனக்கு ஒண்ணுதானுங்களே தெரிஞ்சுது."

அப்போது சொல்லியிருக்கலாம். கேஸ் பயம் ஒன்று. கட்டிலுக்கு அந்தப் பக்கம் தம்பிக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி இன்னொன்று. நான் எழுந்து போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தேன். நர்சுக்குக்கூட ஒன்று வாங்கினேன். குற்றவாளிக்கு உபசரிப்பு நன்றாக வரும்.

கால் கூடிவிட்டது. ஆறு மாதத்தில் கைத்தடியை ஓரமாக வைத்துவிட்டு நடந்தார். பஸ் முதலாளி, "எப்ப வேணும்னாலும் வண்டி எடுக்கலாமுங்க" என்று இரண்டு தடவை ஆள் அனுப்பினார். அவர் போகவில்லை. நான் போய்க் கேட்டபோது சொன்னார்: "நாலு லைட்டு எரிஞ்சதுல எனக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்குது. நாப்பது ஐம்பது பேர ஏத்திக்கிட்டு நான் எதை நம்பி ஓட்டறதுங்க?"

"ஒரு தடவை அப்படித் தோணுறது எல்லாருக்கும் உண்டு மாப்ள."

"டிரைவருக்குத் தோணக்கூடாதுங்க."

கால் உடைந்ததற்கு நான் காரணம். அது போகட்டும், ரோட்டில் நடப்பதுதான் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் பதினெட்டு வருடம் ஒருவரைக்கூட உரசாத அந்தக் கண்ணை நான் பொய்யாக்கிவிட்டேன். அது சரியாகத்தான் பார்த்தது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். தெரிந்துகொண்டே ஒவ்வொரு ஞாயிறும் போய் அவருக்கு ஜோக் சொல்லிவிட்டு வந்தேன்.

ஹெவி லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தது. விட்டால் இனி எடுக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முதலாளியின் வற்புறுத்தலால் கோயமுத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான்தான் வேனில் அழைத்துப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து வேனில் உட்கார்ந்தும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தப் படிக்கறதுல ஒண்ணும் குறையில்லீங்க மாமா. ரோட்டுலதான்."

நான் வண்டியை எடுக்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு போனது, பெட்டியில் கிடந்தது, ஸ்க்ரூடிரைவர், சாக்கடை. என் வாழ்க்கையில் ஒரு ஜோக்கும் கலக்காமல் ஐந்து நிமிடம் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, நான் பார்த்தேயிராத விதமாக, சிரித்தார்.

"மாமா, எனக்காக இத்தனை பெரிய பொய் எதுக்குங்க?"

"பொய் இல்லீங்க மாப்ள. அக்கா மேல சத்தியமா."

"அக்காவ ஏனுங்க இதுல இழுக்கறீங்க. உங்க மனசு எனக்குத் தெரியுமுங்க."

உடனே பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பாய், நீங்க எனக்குக் குடுத்த பல்பப் பத்தி இவருகிட்டச் சொல்லுங்க" என்றேன். பாய் ஒளிக்காமல் சொன்னார்: "ஆமாங்க, முன்னாடி வலது பல்பு போயிருந்துச்சு. மாத்தச் சொல்லி நாந்தான் குடுத்தேன். மாத்துனாரா இல்லையான்னு தெரியிலீங்க."

மாப்பிள்ளை போனைப் பார்த்துக் குனிந்து, "ஏனுங்க பாய், ஆர்.டி.ஓ. ஆபீசருங்கதானே பேசறது?" என்றார்.

பாய் போனை வைத்துவிட்டார். டயர் கடைக்காரரிடம் போகலாம் என்றேன். போனால் அவர் என்ன சொல்வார்? கண்ணாடி ஆடுகிறது என்று இவர் ஸ்க்ரூடிரைவர் வாங்கினார் என்பார். அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அக்காவிடம் அதைத்தான் முதலில் சொன்னார். "மாமா என்னென்னவோ சொல்லி என்னையத் தேத்தப் பாக்கறாருக்கா. பாய்கிட்டக்கூடச் சொல்லி வெச்சிருக்கறாரு." சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக என் ஜோக்குகளோடு குடித்தனம் நடத்துகிறவள். எது ஜோக்கு, எது இல்லை என்று அவளுக்குத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தாள். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு அவளும் சொல்லிப் பார்த்தாள். புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டு தன் மனதைத் தேற்றுகிறார்கள் என்று அவர் இன்னும் உருகிப்போனார். அந்த மாதம் கடந்தது. லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை.

அவள் இப்போதும் எனக்குச் சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நான் எதையாவது வேடிக்கையாகச் சொன்னால் மட்டும், முடியும்வரை காத்திருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள்.

மாப்பிள்ளையை அதே முதலாளி ஈரோடு பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராகப் போட்டிருக்கிறார். மற்றவர்கள் ஓட்டுகிற பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுகிற வேலை. பவானிப் பக்கம் சரக்கு இருக்கிற நாட்களில் திரும்பும்போது அவரை ஏற்றிக்கொண்டு போய் ஈரோட்டில் விடுகிறேன். இப்போதெல்லாம் நான் காலையில் சுவரைப் பார்த்து நிறுத்தி எல்லா விளக்கையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். நேராகப் போனால் சும்மா போகிறேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

குறுக்குத் தெரு வருகிற இடத்தில் எல்லாம் நான் வேகத்தைக் குறைக்கிறேன். அவர் தன் பக்கம் எட்டிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புகிறார்.

"மாமா, இந்தப் பக்கம் ஏதாச்சும் வருதுங்களா?"

"நீங்களே பாருங்களேன் மாப்ள. நல்லாத் தெரியுதில்ல?"

"தெரியுதுங்க. இருந்தாலும் நீங்க ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."

நான் அவரைத் தாண்டி எட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை என்கிறேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க மாமா," என்கிறார்.