பக்கெட் பின்னும் பாபுவின் விரலும்

பிள்ளைகளே, சபையில் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எட்டாவது வரை படித்தவன். அதனால் எழுதித் தருகிறேன். போன ஐப்பசியில் நான் ஆத்திரத்தில் அடித்த ஒரு அடியில் என் நண்பன் பாபுவின் விரல் இரும்புக்குள் மாட்டிக்கொண்டது. அன்று ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முடிச்சூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் நான் லோடர் மெக்கானிக். மண் அள்ளும் அந்த வண்டியின் முன்னால் பெரிய இரும்புப் பக்கெட் இருக்கும். வண்டியின் இரண்டு இரும்புக் கைகளோடு அதைச் சேர்த்துப் பிடித்திருப்பவை பின்கள். ஒவ்வொன்றும் என் மணிக்கட்டுத் தடிமன். பக்கெட்டில் விரிசல் விட்டிருந்ததால் கழற்ற வேண்டியிருந்தது. இடது பின் வந்துவிட்டது. வலது பின் துருவேறி இறுகியிருந்தது. எண்ணெய் விட்டேன். சூடு காட்டினேன். காலையிலிருந்து சம்மட்டியால் அடித்தேன். அசையவில்லை.

பாபு அந்த வண்டியை ஓட்டுபவன். “இன்னா மச்சான், பின்னு ஒன்ன பாத்து சிரிக்குது” என்றான். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. அடிக்கப்போகிறவன் “அடிக்கிறேன்” என்று குரல் கொடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் நிற்பவன் “அடி” என்ற பிறகுதான் சம்மட்டி இறங்கும். அன்று நான் குரல் கொடுக்கவில்லை. அந்தப் பக்கம் பாபு, காலியான இடது ஓட்டையில் விரலை விட்டு, பக்கெட் எவ்வளவு விலகியிருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அடித்தேன். பக்கெட் ஒரு நூல் அளவு இறங்கியது.

அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் சிக்கியிருந்தது. லீவர் பிடித்துப் பிழைக்கிற கை அது. பக்கெட்டைத் தூக்கலாம் என்று இன்ஜினைப் போட ஓடினேன்.

“வேணாம் மச்சான்! வண்டி குலுங்கி இன்னும் கொஞ்சம் எறங்குச்சுன்னா வெரலே இருக்காது!”

பக்கெட்டுக்கு அடியில் ஜாக்கை வைத்து ஏற்றினேன். முந்தின நாள் பெய்த மழையில் தரை சேறாகக் கிடந்தது. ஜாக் சேற்றுக்குள் இறங்கியது. மரக்கட்டை வைத்தேன். அதுவும் புதைந்தது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாபுவின் முகம் வெளுத்திருந்தது. “இன்னா பாத்துகினு கீற? தெனம் ஜெபம் பண்றேன்னு சொல்லுவியே, இப்ப பண்ணு” என்றான். கிண்டலா, கெஞ்சலா, தெரியவில்லை.

சேற்றிலேயே முழங்கால் போட்டேன். “ஆண்டவரே, தப்பு என்னுது. அவன் விரலைக் காப்பாத்துங்க.”

நான் எழுந்திருக்கும் முன்பே வாசலில் ஸ்கூட்டர் சத்தம். எதிரில் வெல்டிங் கடை வைத்திருக்கும் பாஷா பாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் நேராக வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர். அன்று கடையில் மறந்துவைத்த கண்ணாடியை எடுக்க வந்தாராம்.

“யோவ், சேத்துல ஜாக்கு நிக்குமாய்யா? இரு, பிளேட்டு எடுத்தாரேன்.”

கனமான இரும்புத் தகட்டை வெள்ளைச் சட்டையோடு அணைத்துத் தூக்கி வந்தார். அதன்மேல் ஜாக்கை வைத்து நான் ஏற்ற, அவர் பாபுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா... இன்னும் கொஞ்சம்... போதும்பா!”

விரல் வெளியே வந்தது. ஒரே ரத்தம். ஆனால் முழுசாக இருந்தது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். நகம் போனது, விரல் பிழைத்தது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். “குரல் குடுக்காம அடிச்சிட்டேன் பாபு. மன்னிச்சிடு.”

“தெரியும்டா. நானும் ஓட்டைல வெரல வுட்டேனே. ரெண்டு பேருமே லூசுங்க” என்று வலியோடு சிரித்தான்.

அப்போது பாஷா பாய் போன் செய்தார். “ஜாக்குல பக்கெட்டு ஏறி நின்னதும் அந்தப் பின்னு ரெண்டே தட்டுல வந்துடுச்சுபா. முன்னாடி பக்கெட்டு ஒரு பக்கம் சாஞ்சி பாரம் பூரா அதும்மேல இருந்துகீது. அத்தப் பாக்காம அடிச்சிகினு இருந்திருக்கியே!”

என் கோபம் என் கண்ணை எவ்வளவு மறைத்திருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது கோபம் வந்தால் சம்மட்டியைக் கீழே வைத்துவிடுகிறேன். பொங்கல் கழிந்து பாபு வண்டி ஏறினான். அவன் லீவரைப் பிடித்துப் பக்கெட்டைத் தூக்கியபோது நான் நின்ற இடத்திலேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

பிள்ளைகளே, தப்பு நம்மேல் இருக்கும்போது ஜெபம் பண்ணக் கூச்சமாக இருக்கும். எந்த முகத்தோடு கேட்பது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. நீங்கள் அந்த முகத்தோடேயே போய்க் கேளுங்கள். என் ஆண்டவர் என்னை நிறுத்தி வைத்து விசாரிக்கவில்லை. முதலில் பாபுவின் விரலை விடுவித்தார்.