ஒன்றை மட்டும் பழையபடி விட்டிருக்கிறாள்

தொண்ணூறுகளின் கடைசியில் பனச்சமூட்டில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. என் வயலின் சிடிகளை எல்லாம் அதில் ஏற்றினேன். எம்பி3 ஆக்கிச் சுருக்கினால் இடம் மிச்சமாகும். ஆனால் என் காதுக்கு அது ஒத்துவராது என்று, இடத்தை விழுங்கும் வேவ் வடிவத்திலேயே வைத்தேன். ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. மனைவியின் சர்ச் பாட்டு சிடிகளுக்கு இடமில்லை என்று கையை விரித்தேன்.

ஒருநாள் நெய்யாற்றின்கரையிலிருந்து நண்பன் வந்தான். ஒரு வயலின் இசையைப் போட்டுவிட்டு, "கேட்டியா மக்கா, இதாக்கும் அசல் சத்தம். எம்பி3 ஆக்கினா வயலினுக்க உயிரு போயிரும்" என்றேன். அவனும் கண்ணை மூடித் தலையாட்டினான்.

சாயா கொண்டுவந்த மனைவி அவனிடம் சொன்னாள்: "அண்ணே, அதெல்லாம் போன மாசமே நான் எம்பி3 ஆக்கியாச்சு. எனக்க பாட்டுக்கும் இடம் வேண்டாமா?"

நண்பன் சிரித்த சிரிப்பில் சாயா சிந்தியது. ஒரு மாதமாக நான் கேட்டு உருகியது எம்பி3யைத்தான்.

"ஒண்ண மட்டும் பழையபடி விட்டிருக்கேன்" என்றாள் இரக்கத்தோடு. எது என்று சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் ஃபைலின் அளவைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். காதாலேயே கண்டுபிடிக்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்கையில் இடையிடையே அவளுடைய பாட்டுகளும் வருகின்றன. அவையும் நன்றாகத்தான் இருக்கின்றன. நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.