பின்வரிசை

வலது கையைத் தோளுக்கு நேராக நீட்டி, ஆள்காட்டி விரலால் குப்பைத் தொட்டிகளின் பக்கம் காட்டிக்கொண்டு நிற்கிறார் வெர்லின் ஸ்டாஸ்கோ. வியாழக்கிழமை மாலை. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே ஆற்றோரத்து ஊர் ஒன்றில், மூடிப்போன பேரங்காடியின் பார்க்கிங்கில், பழைய கார் வைத்திருப்பவர்கள் கோடையில் வாரந்தோறும் கூடும் கூட்டம். எதிரே பளபளவென்று ஒரு புது வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. ஓட்டி வந்தவன் கண்ணாடியை இறக்கி என்னவோ சொல்லிப் பார்க்கிறான்.

“பின்னாடி போ, தம்பி. அங்க நல்ல நிழல் இருக்கு.”

நிழல் இருப்பது உண்மைதான். தொட்டிகளை ஒட்டி ஒரே ஒரு மேப்பிள் மரம் நிற்கிறது. ஈயும் நாற்றமும் சேர்ந்தே கிடைக்கும் என்பதை அவர் சொல்வதில்லை. முன்வரிசை பழைய வண்டிகளுக்கு, எழுபத்திரண்டாம் வருஷத்துக்குப் பின் பிறந்ததெல்லாம் பின்வரிசைக்கு. சட்டம் போட்டது நகராட்சி அல்ல, வெர்லின்தான். அந்தப் புது வண்டி மரத்தடியில் போய் நிற்கும்வரை அவர் விரல் இறங்காது. இறங்கிய பிறகுதான் அடுத்தவனுக்கு வணக்கம்.

இது போன வருஷம் வரைக்கும் நடந்த கதை.

அவருடைய சொந்த வண்டி அறுபத்தொன்பதாம் வருஷத்தது. அதற்குப் பெயரே அறுபத்தொன்பதுதான், வீட்டிலும் சரி, வெளியிலும் சரி. துருப்பிடித்த கூடாக வாங்கி, கொட்டகையில் வைத்து, கரும்பச்சை அடித்து ஆளாக்கினார். ஏறுவதற்கு முன் உள்ளங்கையால் அதன் பக்கத்தைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வருவார். தோளில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. யாராவது வண்டிமேல் சாய்ந்தால் ஓடிவந்து, “சாயாதீங்க, ரெண்டு பேருக்கும் வலிக்கும்” என்பார். தகட்டை இயந்திரத்தில் அடித்துக் கார் கதவுகள் செய்யும் ஆலையில் காலமெல்லாம் உழைத்ததில் பாதிக் காது போய்விட்டது. அதனால் அவர் ரகசியம் பேசினால் தெருவே கேட்கும்.

அவரிடம் ஒரே ஒரு குறை. எதையும் தேர்ந்தெடுக்க வராது. ஹாட்டாக் கடையில் உட்கார்ந்தால் விலைப்பலகையை முதலிலிருந்து கடைசிவரை படிப்பார். மறுபடி படிப்பார். கடைசியில் கேட்பது போன வாரம் தின்றதைத்தான். கரும்பச்சையைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி மார்ஜீன். கடைக்காரன் நீட்டிய வண்ண அட்டையில் சட்டென்று ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்துவிட்டு, பசிக்கிறது என்று வெளியே வந்துவிட்டாராம். “எங்க கல்யாணத்துக்கே தேதி வச்சது நான்தான். இவர விட்டிருந்தா இன்னும் பொண்ணு பாத்துட்டுத்தான் இருப்பார்” என்று பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அந்த அம்மாள் சொல்லும்போது முன்வரிசை முழுக்கச் சிரிக்கும். வெர்லினுக்குச் சரியாகக் கேட்காது. ஆனாலும் அவரும் சிரிப்பார்.

பிறகு மார்ஜீனின் நுரையீரல் கெட்டது. மூக்கில் குழாய் வந்தது, தோளில் ஆக்ஸிஜன் உருளை வந்தது. பழைய வண்டிகளில் பெட்ரோல் வாடை தரை வழியாகவே உள்ளே வரும். வெர்லினுக்கு அது பழகிய மணம். டாக்டரோ, இந்த வண்டியில் ஏறுவதும் சிகரெட் பிடிப்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த பிக்கப் சரக்கு வண்டி உயரம், ஏறுவதற்குள் மூச்சு முட்டும். அந்தக் கோடையில் வியாழக்கிழமைதோறும் மார்ஜீன் ஜன்னலில் நின்று கையசைத்தார். வெர்லின் தனியாகப் போய், இரண்டு நாற்காலிகளையும் விரித்துவைத்து, ஒன்றில் உட்கார்ந்து திரும்பி வந்தார்.

வழி இல்லாமல் இல்லை. அறுபத்தொன்பதின் மாடல் பெயரிலேயே, அதே கம்பெனி புதிதாக ஒரு வண்டி விடுகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் காற்றை வடிகட்டித் தரும், இருக்கையைச் சூடாக்கும், குளிர்விக்கும், குலுங்காது. அறுபத்தொன்பதை விற்றால் அதை வாங்கலாம். இரண்டையும் வைத்துக்கொள்ள வெர்லினின் ஓய்வூதியமும் இடம் கொடுக்காது, கொட்டகையும் இடம் கொடுக்காது.

சனிக்கிழமைதோறும் ஷோரூமுக்குப் போக ஆரம்பித்தார். விற்பனையாளன் நபீல் பொறுமைசாலி. வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய்க் காப்பியைப் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாவியையும் கொடுப்பான். வெர்லின் உள்ளங்கையால் தடவி ஒரு சுற்று வருவார். ஓட்டுவார். திரும்பி வந்து ஒரு குறை சொல்வார். ஒரு வாரம் கதவு தடிப்பு என்றார். ஒரு வாரம் ஜன்னல் சின்னது என்றார். பானெட்டைத் திறந்துபார்த்து, எஞ்சின் எங்கே, குழம்புச் சட்டிக்கு மூடி போட்ட மாதிரி பிளாஸ்டிக்தான் இருக்கிறது என்றார். எஞ்சின் சத்தத்தை உள்ளே ஸ்பீக்கரில் வேறு போடுகிறார்கள் என்று தெரிந்த அன்று காப்பியைக்கூடக் குடிக்கவில்லை.

“அதே பேர வச்சுக்கிட்டா அதே ஆளாயிடுமா?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

மார்ஜீன் நச்சரிக்கவில்லை. இரண்டாவது கோடை தொடங்கியபோது ஒரே ஒரு தடவை சொன்னார்.

“எனக்கு வியாழக்கிழமை வேணும், வெர்லின். அது எந்த வண்டில வருதுன்னு எனக்குக் கவலையில்ல.”

“இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றார் வெர்லின்.

கேட்கிற யாருக்கும் ஆத்திரம்தான் வரும். பெண்டாட்டியைவிட ஒரு தகர டப்பா பெரிதா என்று முன்வரிசையிலேயே முணுமுணுத்தார்கள். அவர் காதுக்கு அது எட்டவில்லை, எட்டியிருந்தாலும் பதில் சொல்லியிருக்க மாட்டார். நபீலிடம் மட்டும், ஒரு மழைச் சனிக்கிழமை, ஓட்டிப் பார்க்கக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தபோது வாயைத் திறந்தார்.

“இத வாங்கிட்டா, அவ இனி தேற மாட்டான்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிடும்ப்பா. அறுபத்தொன்பது கொட்டகைல நிக்கிற வரைக்கும், அவ ஒருநாள் எழுந்து வந்து ஏறி உக்காந்துக்குவான்னு இருக்கு.”

அவர் வழக்கமான குரலில் சொன்னதால் ஷோரூம் முழுக்கக் கேட்டது. பக்கத்து மேஜையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பதி பேனாவை நிறுத்தினார்கள். நபீல் காப்பி ஊற்றினான்.

“மாமா, அவங்க கேட்டது வண்டி இல்லையே” என்றான். “நீங்க இங்க இருக்கிற சனிக்கிழமையும் அவங்க வீட்ல தனியாத்தான இருக்காங்க?”

வெர்லின் எழுந்து மழையிலேயே போய்விட்டார். அதன் பிறகு சனிக்கிழமைகளில் அவர் வரவில்லை. ஆனால் வாங்கவும் இல்லை. இன்னொரு கோடையும் போனது.

செப்டம்பரில் மார்ஜீனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். திரும்பி வந்தபோது உருளைக்குப் பதில் பெரிய இயந்திரம் ஒன்று கட்டிலோரம் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை வெர்லின் இந்தியானாக்காரர் ஒருவருக்குப் போன் செய்தார். அந்த ஆள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், மனம் மாறிவிடப் போகிறதே என்று அந்த வாரமே இழுவை வண்டியோடு வந்து நின்றார். அறுபத்தொன்பதை ஏற்றிக் கட்டியாயிற்று. “கொஞ்சம் இருங்க” என்று வெர்லின் மேலே ஏறி, வாங்குகிறவரின் விரல்கள் பட்ட இடங்களையெல்லாம் மஞ்சள் துணியால் துடைத்துவிட்டு இறங்கினார். துணியையும் அவரிடமே கொடுத்துவிட்டார்.

புது வண்டி சாம்பல் நிறம். கரும்பச்சை இப்போது வருவதில்லையாம். மார்ஜீனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவரே தேர்ந்தெடுத்த நிறம் அது. வண்டி கைக்கு வந்தபோது அக்டோபர் முடிந்திருந்தது. வியாழக்கிழமைக் கூட்டம் செப்டம்பரோடு சரி. பழைய வண்டிகளெல்லாம் போர்வைக்குள் போய்விட்டன.

அது மார்ஜீனுக்கும் தெரியும். இருந்தும் அந்த வியாழக்கிழமை உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, கூட்டத்துக்குப் போடும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, போகலாம் என்றார். வெர்லின் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் உட்காரவைத்து, பழைய உருளையைக் காலடியில் வைத்தார். தூக்கும்போது கனமே இல்லை. அதை நினைக்கக்கூடாது என்று இருக்கைப் பொத்தானைத் தேடினார். “உக்காந்த இடம் வேகுது. நல்லாத்தான் இருக்கு” என்றார் மார்ஜீன். வழியெல்லாம் சைக்கிள்காரன்கூட முந்திப்போகும் வேகத்தில் வெர்லின் ஓட்டினார். சின்னப் பள்ளத்துக்கும் பிரேக். அந்த எஞ்சினுக்கே கொட்டாவி வந்திருக்கும்.

பார்க்கிங் காலி. பேரங்காடியில் சாமான் தள்ளும் பழைய தள்ளுவண்டி ஒன்று காற்றில் தானாக உருண்டுகொண்டிருந்தது. தான் வழக்கமாக நிற்கும் வாசலில் வெர்லின் வண்டியை நிறுத்தினார். முன்வரிசை முழுக்க வெறுமையாகக் கிடந்தது. அவர்களுடைய இடத்தில் அறுபத்தொன்பது சொட்டிய எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. தடுக்க ஒருவரும் இல்லை. ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்பினார்.

மேலே போர்த்தியிருந்த போர்வைக்குள்ளிருந்து மார்ஜீனின் வலது கை வெளியே வந்தது. தோளுக்கு நேராக நீண்டது. தானாக நிற்க முடியாமல் நடுங்கவே, இடது கையால் முழங்கைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டார். ஆள்காட்டி விரல் குப்பைத் தொட்டிகளைக் காட்டியது.

“பின்னாடி போ, தம்பி” என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னார். “அங்க நல்ல நிழல் இருக்கு.”

மேப்பிள் மரத்தில் ஒரு இலைகூட இல்லை. வெர்லின் அந்த மரத்தையும், நடுங்கிக்கொண்டே நீண்டிருந்த அந்தக் கையையும் பார்த்தார். வண்டி போய் நிற்கும்வரை விரல் இறங்காது என்று அவருக்குத் தெரியும். ஸ்டியரிங்கை மரத்தடிப் பக்கம் திருப்பி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு சேர்த்து அழுத்தினார்.