சாகுல் அண்ணன் விடாத தட்டச்சுப் பிழை

சாகுல் அண்ணன் இன்னைக்குக் காலையில மௌத்தாயிட்டார். சொந்த ஊரான ஏரல்ல, அவர் வீட்லயே.

மகன் வாட்ஸ்அப்ல ரெண்டு வரி அனுப்பியிருந்தான்... சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நான் பெங்களூர்ல இருக்கேன், போய்ச் சேர முடியாது.

என் பிளாகை ரொம்ப வருஷமா படிக்கிறவங்களுக்குக்கூட இவரைத் தெரியாது. ஒரு தடவைகூட நான் அவர் பேரை எழுதினதில்ல.

தொண்ணூறுகளோட கடைசி. சவுதியில டைப்பிஸ்டா இருந்துட்டு வந்து, பாளையங்கோட்டையில ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருந்தார். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், யாராவது போன் ரிசீவரை எடுத்தா அறுந்து போற இன்டர்நெட். முக்கால்வாசி வேலை கல்யாணப் பத்திரிகை.

இலவசமா வெப் பேஜ் தர்றாங்கன்னு கேள்விப்பட்டு நான் ஒண்ணு ஆரம்பிச்சேன். பிளாகுங்கிற வார்த்தையே அப்போ எங்க காதுக்கு வந்து சேரல.

வாரம் ஒரு தடவை பேப்பர்ல எழுதிட்டுப் போவேன். அவர் டைப் அடிச்சு ஏத்துவார். நல்லா இருக்குன்னு வாய் திறந்து சொல்லவே மாட்டார்... டீ சொன்னார்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம்.

படிக்கிறவங்க தமிழ் ஃபான்ட்டைத் தனியா இறக்கிக்கணும். இல்லாட்டி கோழி கிளறின மாதிரி தெரியும். மொத்தமே பதினஞ்சு பேர் படிச்சிருந்தா அதிகம்.

எங்களுது சுத்த சைவ வீடு. முட்டை போட்ட கேக்கைக்கூட வாசல்லயே நிறுத்திடுவாங்க.

ஒரு ஞாயித்துக்கிழமை அண்ணன் ஏரலுக்குக் கூட்டிட்டுப் போனார். மதினி எனக்குன்னு தனியா சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல். அவங்களுக்கு மீன் ஆணம், அதான் மீன் குழம்பு. அந்த மணம்... நானே கேட்டேன்.

"வேண்டாம் தம்பி, ஒங்க வீட்ல அறிஞ்சா எங்களைத்தான் ஏசுவாங்க"ன்னாங்க மதினி. நான் விடல. ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அதையே ரெண்டு பக்கம் எழுதிட்டுப் போனேன். அண்ணன் பாதியில நிறுத்திட்டார்.

"தம்பி, மீனை எடுத்திரும். சாம்பாரை மட்டும் எழுதும்."

உள்ளதை உள்ளபடிதான் எழுதுவேன்னு பெரிய இவன் மாதிரி சொன்னேன். வயசு இருபத்தி நாலு.

"அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்காங்கன்னு சொன்னீரே வே..."

"இதை யாருண்ணே படிக்கப் போறா?"

அப்படியே அடிச்சுக் கொடுத்தார். அன்னைக்கு டீ வரல.

ரெண்டு மாசத்துல அக்காவுக்கு முக்கூடல்ல சம்பந்தம் அமைஞ்சுது. அவங்களும் சைவம், எங்களைவிடக் கறார். நிச்சயத்துக்கு நாள் குறிச்சாச்சு. மாப்பிள்ளையோட அண்ணன் சிங்கப்பூர். என் பதினஞ்சு பேர்ல அவரும் ஒருத்தர்னு எனக்கு எப்படித் தெரியும்? மனுஷன் அந்த மீன் கட்டுரையை பிரிண்ட் எடுத்து ஊருக்குத் தபால்ல அனுப்பிட்டார்.

மாப்பிள்ளையோட அப்பா ரிட்டயர்டு தாசில்தார். பக்கத்தோட அடியில சென்டர் விலாசம் இருந்ததால, எங்க வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நேரா அங்க வந்துட்டார். நானும் அங்கதான் உக்காந்திருந்தேன்.

பேப்பரை மேசையில வச்சார். "தம்பி, ஒம்ம பேரு போட்டிருக்கு. நெசந்தானா?"

அக்கா எடுத்து வச்சிருந்த நிச்சயப் புடவைதான் கண்ணு முன்னால நின்னுது.

சாகுல் அண்ணன் எழுந்திரிச்சார். "அண்ணாச்சி, இது என் பிழை. தம்பி எழுதினதும் நான் எழுதி வச்சிருந்ததும் ஒரே ஃபைல்ல கலந்து போச்சு. மீனு என் கதை. தம்பி எங்க வீட்ல சாம்பார்தான் சாப்பிட்டாப்ல."

"ஒரு தொழில்னு இருந்தா கவனம் வேண்டாமாவே? ஒரு பொம்பளப் புள்ள வாழ்க்கையில்லா!"

அண்ணன் தலையைக் குனிஞ்சுட்டு நின்னார். நான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

அவர் போனதும் அண்ணன் அந்தக் கட்டுரையை எடுத்துட்டு, அந்த இடத்துல ஒரே ஒரு வரி அடிச்சார். 'தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்.'

கல்யாணம் நல்லபடியா நடந்தது. பத்திரிகை மட்டும் வேற இடத்துல அடிச்சாங்க. "அவன்ட்ட குடுத்தா மாப்பிள்ளை பேரையே மாத்திருவான்"னு பந்தல்ல வச்சு மாமா, அதான் மாப்பிள்ளையோட அப்பா, சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அதுக்கப்புறம் எங்க சொந்தத்துல ஒருத்தர்கூட அவர்கிட்ட பத்திரிகை அடிக்கப் போகல. அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. என் பக்கத்தை மட்டும் எப்பவும்போல அடிச்சுக் கொடுத்தார்.

பிளாக் எத்தனையோ இடம் மாறிடுச்சு. யூனிகோட் வந்தது, டெம்ப்ளேட் மாத்தினேன், பழசெல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த வரியும் கூடவே வந்தது. எடுக்கத் தைரியம் இல்ல.

'உள்ளதை உள்ளபடி எழுதுறவர்'னு எத்தனை கமென்ட்... எல்லாத்துக்கும் நன்றி சொல்லியிருக்கேன். வெக்கமா இருக்கு.

போன ரம்ஜானுக்கு போன் பண்ணப்போ நானாத்தான் அந்தப் பேச்சை எடுத்தேன். "அக்கா நல்லாருக்காங்களா?"ன்னார். நல்லாருக்கான்னேன். "பொறவென்ன, விடும்"ன்னார்.

இதை எழுதறதுக்கு முன்னாடி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எழுதுலே"ன்னா.

மாமா, அத்தான் உங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுவார்னு தெரியும். அந்த மீனைச் சாப்பிட்டது நான். நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாகுல் அண்ணன் என் பக்கத்துல ஒரு எழுத்துகூடத் தப்பா அடிச்சதில்ல.

அந்த வரியை இப்போதான் எடுத்தேன்.

மன்னிச்சிருங்கண்ணே... நல்லபடியாப் போங்க.